எல்லாருக்கும் நன்றி சொன்ன அக்கா

லூனாஸ் சாலை முனையில் பேனர் கட்டியிருக்கும் மூலிகைத் தண்ணீர்க் கடை முதலாளியே, தவுக்கே, நீ ஒரு பொய்யன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நான் ஃபேக்டரி வேன் ஓட்டுகிறவன். உன் பேனரில் சிரித்துக்கொண்டிருக்கும் அந்த அக்காவைப் பல வருஷம் என் வேனில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். நீ அவரைப் பார்த்தது மொத்தமே இரண்டு மூன்று தடவைதான். அதற்குள் அவர் நெஞ்சில் இருந்த கட்டிகளை உன் தண்ணீர் கரைத்துவிட்டது என்று ஆளுயரத்துக்கு அச்சடித்துவிட்டாய்.

பேனர் அழகாகத்தான் இருக்கிறது. பின்னால் ஒரு அருவி, பக்கத்தில் துளசி, நடுவில் அக்கா. ‘ஆஸ்பத்திரி கைவிட்டது, எங்கள் தண்ணீர் காப்பாற்றியது’ என்று மஞ்சள் எழுத்து. அக்கா இறந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அதை எழுத மட்டும் துணியில் இடம் போதவில்லை போலிருக்கிறது. இறந்தவர் படத்துக்கு ஊரில் மாலை போடுவார்கள். நீ கையில் பாட்டில் கொடுத்திருக்கிறாய். அதுவும் பெரிய பாட்டில்.

அக்கா எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர் வாயிலிருந்து வந்த ஒரு பாராட்டை நம்பிக் கடை திறந்திருக்க மாட்டாய். அதனால் சொல்கிறேன்.

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையின் கேண்டீனில் அவர் சமையல். அதற்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை அழித்து வீடு கட்டியபோது எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்தார். என் வீட்டுக்கு எதிர் வரிசை. குள்ளமான, கனத்த உடம்பு. ஆனால் நடை மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டவர் நடை. அவர் செய்யும் நெத்திலி சம்பலுக்குக் கேண்டீனில் தனி வரிசை நிற்கும். யாராவது மலாய்க்காரப் பெண் தட்டை நீட்டியபடி, “செடாப் லா, அக்கா” என்று ருசியைப் புகழ்ந்தால் போதும், அக்கா இரண்டு கையையும் ஆட்டி மறுப்பார்.

“நான் என்னம்மா செஞ்சேன்? நெத்திலி அப்படி. தஞ்சோங் டாவாய்க்காரரு நல்லாக் காயவச்சுக் குடுத்தாரு. அவரு கைராசி லா.”

அதுதான் அக்கா. எந்த நல்லது நடந்தாலும் அதற்குக் காரணமாக வெளியாள் ஒருவரைக் கண்டுபிடித்துவிடுவார். சம்பல் நன்றாக வந்தால் நெத்திலி விற்றவர். மகனுக்கு ஜொகூரில் வேலை கிடைத்தால், அன்றைக்குக் காலையில் எதிரே வந்த ரொட்டிக்காரர். தலைவலி நின்றால், ‘என்னக்கா முகம் வாடியிருக்கு’ என்று விசாரித்த கேஷியர் பெண். ‘உங்க ராசிதான் லா’ என்பதை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கெடுத்தால் கெடா மாநிலத்தில் பாதிப் பேர் ராசிக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

எனக்கு அது எரிச்சலாக இருக்கும். ஒருமுறை பாடாங் செராய் சாலையில் கொட்டும் மழையில் வேன் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்து போயிருந்தது. முதுகு நனைய, கை சுட, மாற்று பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் போன ஒரு மலாய்க்காரப் பெரியவர் மழைக்கோட்டோடு வந்து நின்றார். எட்டிப் பார்த்தார். “பெல்ட் போலிருக்கிறது” என்று மலாயில் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்தது. வண்டி கிளம்பியதும் அக்கா இறங்கி ஓடி, பையிலிருந்த கறிபாப் பலகாரத்தை எல்லாம் அவர் கையில் திணித்துவிட்டு வந்தார்.

“பாக்சிக் வந்து நின்னாரு, வண்டி கெளம்பிருச்சு பாத்தியா? ராசியான மனுஷன்.”

“அப்ப நான் யாருக்கா? மழையில குளிச்சிட்டு இருந்தேனா?”

“நீ நம்ம ஆளு லா தம்பி. நம்ம ஆளுக்கு எதுக்கு நன்றி?”

வேனில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் கியரைக் கொஞ்சம் பலமாகப் போட்டேன்.

தவுக்கே, இதை நன்றாகக் கேட்டுக்கொள். அக்கா ஒருவருக்கு நன்றி சொன்னால் அவர் அந்நியர் என்று அர்த்தம்.

அக்காவுக்கு ஏற்கெனவே ஒரு சிறுநீரகத்தைக் கட்டிக்காக எடுத்திருந்தார்கள். சில வருஷம் கழித்து இடுப்பு வலித்தது. வேன் படியில் ஏற முடியவில்லை. பினாங்கு ஆஸ்பத்திரியில் படம் எடுத்ததில், இடுப்பு எலும்பில் ஒரு கட்டி, நெஞ்சில் அங்கங்கே சின்னச் சின்னதாகப் பல. பழைய கட்டியின் பிள்ளைகள். மகன் தூரத்தில் இருந்ததால் நான்தான் அழைத்துப் போவேன். பார்த்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். கட்டிக்கான மாத்திரை கொடுத்தால் அக்காவின் ரத்தக் கொதிப்பு தாங்காது, முதலில் வலியை நிறுத்துவோம் என்றார். இடுப்புக்கு மட்டும் கதிர் வைத்தியம். நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை. இடுப்பில் மையால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்குள் மட்டும் அடித்தார்கள்.

சில நாளில் அக்கா துவண்டுவிட்டார். பாத்திரம் தூக்கும் கைக்கு நாளிதழ் கனமாக இருந்தது.

“இடுப்புலதானம்மா அடிச்சீங்க? எனக்கு ஏன் தலையிலேர்ந்து காலு வரைக்கும் ஆளை அமுக்குது?” என்று டாக்டரிடம் கேட்டார்.

“உடம்பு தாமான் வீடு மாதிரி தனித்தனியாச் சுவர் வச்சுக் கட்டினது இல்லக்கா. ஒரு இடத்தைச் சுட்டா, அங்கேர்ந்து ரத்தம் வழியா எல்லா இடத்துக்கும் சேதி போகும். அதான் இந்த அசதி. போகப் போகச் சரியாகும்.”

தாமானில் வேறு சேதி போயிருந்தது. அக்காவின் உடம்பில் கதிர் இருக்கிறதாம், பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமாம். அக்கா வீட்டுக் கொடியை ஒட்டித் துணி காயப்போட்டவர்கள் தள்ளிப் போட்டார்கள். மெஷினை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும், ஆளோடு வீட்டுக்கு வராது என்று நர்ஸ் சொன்னதை நான் வாசல் வாசலாகச் சொல்லிப் பார்த்தேன். நாளெல்லாம் கைப்பேசியைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு திரிகிற அறிவாளிகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வேனில் மட்டும் என்ன? அசதி தெளிந்து அக்கா கேண்டீனுக்குத் திரும்பியபோது அவர் பக்கத்து இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அக்கா காலை நீட்டிக்கொண்டார்.

“சீட்டு முழுசா எனக்கே கெடைச்சிருச்சு. இந்தப் பிள்ளைங்க புண்ணியத்துல காலு வலி கொறஞ்சிருக்கு லா.”

இப்படிப்பட்ட ஆளின் பாராட்டைத்தான் நீ பேனரில் அடித்திருக்கிறாய்.

நீ வந்தது அந்தச் சமயத்தில்தான். பாசார் சந்தையில் மேசை போட்டு, நோயாளி யார் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்து, அக்கா வீட்டுக்கே இரண்டு பாட்டிலோடு வந்தாய். இலவசம் என்றாய். அக்கா உன் எதிரில் ஒரு வாய் குடித்தார். நீ போனதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு மிச்சத்தைக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினார். நான் வாசலில்தான் நின்றேன்.

“ஏங்க்கா, குடிக்கலையா?”

“வேப்பங்காயை அரைச்ச மாதிரி இருக்கு தம்பி. பாவம், வெயில்ல வந்து குடுத்திருக்காரு. வேணாம்னு சொன்னா மனசு சங்கடப்படும்ல.”

கறிவேப்பிலைச் செடி அந்த மாதமே பட்டுப்போனது. உன் தண்ணீரை முழுதாகக் குடித்தது அது ஒன்றுதான். அதன் படத்தையும் பேனரில் போட்டிருக்கலாம்.

மாதங்கள் கழித்து மறுபடியும் படம் எடுத்தார்கள். டாக்டர் திரையைப் பார்த்தார். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுந்து போய் இன்னொரு டாக்டரை அழைத்து வந்தார். இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டார்கள். நான் திரையை எட்டிப் பார்த்தேன். அக்கா மட்டும், “அந்தப் புது டாக்டரு லட்சணமா இருக்காரு” என்று என் காதில் சொன்னார்.

“அக்கா, இடுப்புல கட்டி சுருங்கியிருக்கு. அது நாங்க எதிர்பார்த்ததுதான்,” என்றார் டாக்டர். “ஆனா நெஞ்சுல இருந்ததும் பாதிக்கு மேல காணோம். நாங்க நெஞ்சுப் பக்கம் போகவே இல்ல. வேற ஏதாச்சும் மருந்து குடிச்சீங்களா?”

“ஒரு வாய்த் தண்ணி குடிச்சேன்மா. கசப்பா இருந்துச்சு.”

டாக்டர் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். “இடுப்புக் கட்டி செத்து உடைஞ்சப்ப அதோட துணுக்கெல்லாம் வெளியில வந்திருக்கும். உடம்புல காவல் காக்கிற அணுக்கள் இருக்கு. அதுங்க இத்தனை நாளா கட்டியைத் தன் ஆளுன்னு நினைச்சு விட்டு வச்சிருந்துச்சுங்க. துணுக்கைப் பார்த்ததும் இது திருடன்னு தெரிஞ்சிருச்சு. அதே முகத்தை நெஞ்சுல பார்த்தா, அங்கேயும் போய் அடிக்கும்.”

“அப்ப இது எல்லாருக்கும் நடக்குமா டாக்டர்?” என்று கேட்டேன். எனக்கும் கொஞ்சம் ஆசை வந்துவிட்டது.

“ரொம்ப ரொம்ப அபூர்வம்ணே. நானே நேர்ல பார்க்கிறது இப்பதான். அக்காவுக்கு நடந்தது இதுதான்னு சத்தியமும் பண்ண மாட்டேன். இந்த வகைக் கட்டி எப்பவாச்சும் தானாவும் சுருங்கும். ஏன்னு முழுசா எங்களுக்குத் தெரியாது. திரும்பி வராதுன்னும் சொல்ல முடியாது.”

அக்கா டாக்டர் பக்கம் நாற்காலியை இழுத்துக்கொண்டார். “அப்ப நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்தது யாரும்மா?”

“உங்க உடம்புதான்க்கா. நாங்க இடுப்புல தட்டி எழுப்பிவிட்டோம். மிச்ச வேலையை நீங்களே செஞ்சிருக்கீங்க.”

அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இடுப்பில் கட்டி என்று சொன்ன நாளில்கூட அவர் அப்படி விழிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்லதற்கு அவரே காரணம் என்று ஒருவர் நேரே சொல்லிவிட்டார். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, “அதெல்லாம் இல்லம்மா, உங்க ராசி. இந்தப் புது டாக்டரு ராசி. வாசல்ல கார் நிறுத்த எடம் காட்டுனாரே அந்த ஜாகா, அவரு ராசி” என்று அடுக்கினார். திரும்பி வரும் வழியெல்லாம் ராசிக்காரர் பட்டியல் நீண்டுகொண்டே வந்தது. பினாங்குப் பாலத்தைக் கடந்தும் முடியவில்லை.

அந்த ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் அவர் பூசை கொடுத்தார். தோட்டம் போய்விட்டது, கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவே நிற்கிறது. பூசை முடிந்ததும் ராசிக்காரர்கள் எல்லாருக்கும் வெற்றிலை, பழம், தேங்காய் வைத்த தட்டு. பூசாரிக்கு ஒன்று. மை போட்ட நர்ஸுக்கு ஒன்று, அதை நானே பினாங்குக்கு எடுத்துப் போனேன். கார் நிறுத்த இடம் காட்டிய வாசல் காவலாளி ஜாகாவுக்கு ஒன்று. தள்ளி உட்கார்ந்த வேன் பெண்களுக்கும் தட்டு. எனக்குத் தட்டு இல்லை. நான் நம்ம ஆள். மேசையைத் தூக்கிப் போட்டவனும் வாழையிலை எடுத்தவனும் நான்தான்.

உனக்கும் ஒரு தட்டு வந்தது, தவுக்கே. எல்லாரிடமும் சொன்ன அதே வார்த்தையை உன்னிடமும் சொன்னார். “உங்க ராசிதான் லா தவுக்கே, நெஞ்செல்லாம் சுத்தமாயிருச்சு.” ஜாகாவிடமும் அதைத்தான் சொல்லி அனுப்பினார். ஜாகா தேங்காயை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைத்தார். நீ கைப்பேசியை நீட்டி வீடியோ பிடித்தாய். முன்னாலும் பின்னாலும் வெட்டி எறிந்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் ஊரெல்லாம் சுற்றவிட்டாய்.

அக்கா அதற்குப் பிறகு சில வருஷம் நன்றாக இருந்தார். டாக்டர் எச்சரித்தபடியே திரும்ப வந்தது, ஈரலில். இந்தத் தடவை காவல்காரர்கள் எழுந்திருக்கவில்லை. படுத்த படுக்கையில், தலையணையைச் சரிசெய்த நர்ஸிடம், “உன் கைராசிம்மா, வலி கொறஞ்சிருக்கு” என்றார். குறையவில்லை என்று எனக்கும் தெரியும், நர்ஸுக்கும் தெரியும். சாவுக்கு நீ வரவில்லை. வியாபாரம் அதிகம் என்று நினைக்கிறேன்.

இதோடு நின்றிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஏமாறுகிறவன் ஏமாறட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இப்போது என் தம்பிக்குத் தொண்டையில் கட்டி.

சின்னவன் ஹைடெக் பூங்காவில் டெக்னீஷியன். இரண்டு பிள்ளைகள். குரல் கரகரத்தபோது புழுதி என்றான். பிறகு பரிசோதித்தார்கள். பரவவில்லை, ஒரே இடத்தில் இருக்கிறது, கதிர் வைத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று அதே டாக்டர் சொன்னார். போய்க்கொண்டிருந்தான். தொண்டை புண்ணானது, சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து நீ சுற்றவிட்ட அந்த வீடியோ அவன் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டான். இப்போது அவன் வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்க உன் பாட்டில்கள்.

“அண்ணே, அக்கா பொய் சொல்லுவாங்களா?” என்று காற்றுக் குரலில் கேட்டான்.

அக்கா பொய் சொல்லவில்லை. நன்றி சொன்னார். இதை எழுதும்போது அக்கா மேலும் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘கசக்குது, வேணாம், எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? எல்லார் மனசும் நோகாமல் பார்த்துக்கொண்டார். நோகிறதெல்லாம் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

தண்ணீர் காரணம் இல்லை, கதிர்தான் என்று ஆஸ்பத்திரியில் நடந்ததை அவனிடம் விவரமாகச் சொன்னேன். அதுவும் வினையானது.

“அப்படின்னா இடுப்புல அடிச்சு அக்காவுக்கு நெஞ்சு சரியாச்சு. எனக்கு மட்டும் ஏன் தொண்டையிலேயே அடிச்சுப் புண்ணாக்குறாங்க? கால்ல அடிக்கச் சொல்லு, வரேன்.”

டாக்டரிடம் போய் அப்படியே கேட்டேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. “கால்ல கட்டி இல்லையே அண்ணே,” என்றார். “கட்டியைச் சுட்டாத்தான் உடம்புக்கு அதோட முகம் தெரியும். நல்ல காலைச் சுட்டா கால்தான் வேகும். அக்காவுக்கு விழுந்தது குலுக்கல் பரிசு. தம்பிக்கு இருக்கிறது நேர் ரோடு. குலுக்கலை நம்பி நேர் ரோட்டை விடலாமா? நடுவுல நிறுத்துற ஒவ்வொரு நாளும் கட்டிக்குத்தான் லாபம். சீக்கிரம் கூட்டிட்டு வாங்க.”

அவன் வர மறுக்கிறான். அதனால்தான் உன் கடைக்கு வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்கும். நாற்காலி போட்டாய், உன் தண்ணீரில் ஒரு கப் கொடுத்தாய். டாக்டர் சொன்னதை எல்லாம் உன்னிடம் சொன்னேன்.

“அண்ணே, நான் எங்க சொன்னேன்? அக்காதானே அவங்க வாயால சொன்னாங்க,” என்றாய்.

“அவங்க ஜாகாவுக்கும் அதையேதான் சொன்னாங்க. ஜாகா பாட்டில் விக்கிறாரா?”

“கோவப்படாதீங்க லா. ஏன் சுருங்குச்சுன்னு டாக்டருக்கே தெரியலையாம், நீங்கதான சொன்னீங்க? அவங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.”

பெரிய வித்தியாசம்தான். பல வருஷம் படித்துவிட்டு, வேலை செய்ததும் தன்னுடைய மெஷினாக இருந்தும், ‘முழுசாத் தெரியாது’ என்று சொன்ன டாக்டரை என் தம்பி நம்பவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துவிட்டு ‘எனக்குத் தெரியும்’ என்கிற உன்னை நம்புகிறான். நான் உன் கடையை விட்டு வந்த மறுவாரம் பழைய பேனரை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதைக் கட்டினாய். பதில் அதுதான் என்று புரிந்துகொண்டேன்.

எனக்கு அந்தப் பதில் போதாது. கோயில் தலைவரிடம் பேசிவிட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மைக்கை உன் கையில் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். தாமானில் எல்லாரும் இருப்பார்கள். வா. அக்காவின் நெஞ்சுக் கட்டி எதனால் சுருங்கியது என்று உனக்கு எப்படித் தெரியும், அதைச் சொல். தொண்டைக் கட்டிக்குக் கதிரை நிறுத்திவிட்டு உன் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தவர் ஒருவர் இருந்தால் பக்கத்தில் நிறுத்திக் காட்டு. இல்லையென்றால், ‘எனக்கும் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போ’ என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கு.

என் தம்பியை முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். எழுந்து உன்னைக் கேள்வி கேட்க அவனிடம் குரல் மிச்சமில்லை. காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்.